போரால் சிக்கிய ஒப்பந்தம்: எந்த அதிகாரியிடம் எதைக் கேட்பது?

கேள்வி இது. மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரி பாகம் செய்யும் ஒரு சிறு ஆலைக்கு இரண்டு சிக்கல்கள். முதலாவது, ஒரு மத்தியப் பொதுத்துறை நிறுவனத்துக்கு 24 லட்ச ரூபாய்க்கு சீல், கேஸ்கட் ஆர்டர். ஐரோப்பாவிலிருந்து வர வேண்டிய செயற்கை ரப்பர் செங்கடல் தாக்குதல்களால் சுற்று வழியில் வந்ததால் சப்ளை ஏழு வாரம் பிந்தியது. பில்லில் 84,000 ரூபாய் அபராதம் பிடித்துவிட்டார்கள். இரண்டாவது, தூத்துக்குடியிலிருந்து எஃப்.ஓ.பி. முறையில் (கப்பலில் ஏற்றுவதோடு விற்பவர் பொறுப்பு முடியும் முறை) ஐரோப்பாவுக்குப் போன ஒரு கண்டெய்னர் ரப்பர் பாய் 19 நாள் தாமதமாகச் சேர்ந்தது. அதைக் காட்டி பையர் 30 சதவீதம் விலையைக் குறைக்கச் சொல்லிப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். கலெக்டரிடமும் டெல்லிக்கும் மனு போட்டால் தீருமா?

மனு போடுங்கள். ஆனால் ஒப்பந்தத் தகராறில் எந்த அதிகாரியும் நீதிபதி அல்ல. ஒவ்வொருவர் கையெழுத்துக்கும் ஒரு குறிப்பிட்ட வேலைதான் நடக்கும். அபராதத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் ஆர்டர் கொடுத்த நிறுவனத்திடம் இருக்கிறது. ஏற்றுமதிப் பணத்துக்குக் கெடு நீட்டுவது உங்கள் வங்கி. பையரைக் கூப்பிட்டுப் பேசக்கூடியது தூதரகத்தின் வணிகப் பிரிவு. "போரால் நஷ்டம், நீதி வழங்க வேண்டும்" என்று பொதுவாக எழுதிய மனு மேசை மேசையாகச் சுற்றி, "சம்பந்தப்பட்ட துறையை அணுகவும்" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வரும். அதற்குள் உங்கள் கெடுக்களில் சில கடந்தும் போயிருக்கும்.

மனுவுக்கு முன்னால் ஒன்றை நேர்மையாக முடிவு செய்துகொள்ளுங்கள். போர் உங்கள் வழியை அடைத்ததா, இல்லை செலவைக் கூட்டியதா? நம் ஊர் ஆலைக்காரர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ராணுவத்துக்கு நெய் வாங்கிக் கொடுக்க 1937-இல் ஒரு நிறுவனம் அரசோடு ஒப்பந்தம் போட்டது. இரண்டாம் உலகப் போர் வந்தது, கொள்முதல் பெருகியது, 1942-இல் இரு தரப்பும் பேசி விகிதங்களைத் திருத்தினார்கள். போரால் நிலைமையே தலைகீழாகிவிட்டது, இன்னும் கூட்டித் தர வேண்டும் என்று நிறுவனம் கேட்டது. நடுவர்கள் தந்தார்கள், நீதிமன்றம் மறுத்தது. அலோபி பர்ஷாத் வழக்கில் 1960-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம்: எதிர்பாராத திருப்பத்தால் ஒப்பந்தம் சுமையாகிப் போனது என்பதற்காக அதிலிருந்து விடுபட முடியாது. இந்தோனேசிய நிலக்கரி விலை ஏறியதைக் காட்டிய மின் உற்பத்தி நிறுவனங்களுக்கு 2017-இலும் இதே பதில்தான் கிடைத்தது. 1941-இல் ஆலைத் துணிப் பொதிகள் தருவதாக ஒப்புக்கொண்டு, "ஆலை எனக்குத் தரவில்லை" என்று கைவிரித்த வியாபாரியின் வாதமும் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. உங்களுக்கு மூலப்பொருள் கொடுப்பவர் தாமதித்தார் என்பது மட்டும் காரணமாகாது என்பதற்கு இந்த மூன்றாவது வழக்கே நெருக்கமான பாடம்.

ஆகவே விலையைக் கூட்டிக் கேட்காதீர்கள், காலத்தைக் கேளுங்கள். விலை கேட்டால் தணிக்கைக்குப் பயந்து எந்த அதிகாரியும் கோப்பைத் தொடமாட்டார். காலத்தை நீட்டித் தர அவருக்கு ஒப்பந்தத்திலேயே இடம் இருக்கிறது.

அந்த இடம் ஃபோர்ஸ் மெஜர் ஷரத்து, அதாவது யார் கையிலும் இல்லாத பெருந்தடைகளுக்கான ஷரத்து. மத்திய அரசின் சரக்குக் கொள்முதல் கையேட்டில் போர், வேலைநிறுத்தம், கலவரம் ஆகியவை பெயர் சொல்லியே அதில் வருகின்றன. மூன்று விஷயங்களை அது வலியுறுத்துகிறது. நிகழ்வு நடந்ததும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் பழைய தேதிக்கு அதைக் கோர முடியாது. தடை 90 நாளைத் தாண்டினால் எந்தத் தரப்பும் நிதிப் பாதிப்பு இல்லாமல் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். பல கொள்முதல் ஆணைகளில் அறிவிப்புக்கு 21 நாள் கெடு அச்சிட்டே இருக்கும். உங்கள் ஆணையின் பின்பக்கத்துச் சிறிய எழுத்தை இன்றே படியுங்கள். அறிவிப்பு அனுப்பாமல் விட்டிருந்தாலும் கதவு முழுதாக அடைபடவில்லை: அப்போது "கப்பல் தள்ளிப்போகிறது" என்று வாங்கும் பிரிவுக்குப் போட்ட மின்னஞ்சல் ஒன்று இருந்தாலும், அதை அறிவிப்பாக எடுத்துக்கொள்ளும்படி வாதாடலாம். வாட்ஸாப்பில் சொன்னது மட்டும்தான் இருக்கிறது என்றால் அந்தத் திரையையும் தேதி தெரியும்படி எடுத்து வையுங்கள். வலு குறைவுதான், ஆனால் ஒன்றும் இல்லாததற்கு அது மேல்.

அடுத்தது ஆர்டர் தேதி. செங்கடலில் கப்பல்கள் மீதான தாக்குதல் 2023 நவம்பரில் தொடங்கியது. அடுத்த மாதத்திலிருந்து பெரிய கப்பல் கம்பெனிகள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. உங்கள் ஆர்டர் அதற்கு முந்தையது என்றால் "எதிர்பாராதது" என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. 2024 நடுவில் வாங்கிய ஆர்டர் என்றால், சுற்று வழி என்பது ஊரறிந்த பிறகுதான் தேதிக்கு ஒப்புக்கொண்டீர்கள். அந்த வாதத்தை மனுவின் முதுகெலும்பாக வைக்காதீர்கள்.

இனி மனு. ஒரே பக்கம், பின்னால் ஆவணங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற நம் வழக்கமான அமைப்பே போதும். பொதுத்துறை நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியிருந்தாலும் இதே வரிசைதான். கனம் எல்லாம் "பொருள்" வரியில் இருக்க வேண்டும். நாட்களைப் பிரித்துக் காட்டுங்கள். உதாரணத்துக்கு, 49 நாளில் கப்பல் சுற்றி வந்தது 14 நாள், கொழும்பில் மாற்றுக் கப்பலுக்குக் காத்துக் கிடந்தது 16 நாள், பொருள் வந்தபின் உற்பத்தி வரிசையில் இடம் பிடித்தது 12 நாள், மீதி 7 நாள் உங்கள் அச்சு பழுதானது என்று வைப்போம். அந்த 7 நாளை ஒப்புக்கொள்ளுங்கள். அபராதம் வாரத்துக்கு 0.5 சதவீதம் என்றால் அந்த ஒரு வாரத்துக்கு 12,000 ரூபாய். மீதி 72,000-ஐக் கேளுங்கள். பொருள் வரி இப்படி அமையும்: "கொள்முதல் ஆணை எண் இன்னது, நாள் இன்னது: செங்கடல் கப்பல் தடையால் ஏற்பட்ட 42 நாள் தாமதத்துக்கு அபராதமின்றிக் கால நீட்டிப்பும், பிடித்தம் செய்த ரூ.72,000 விடுவிப்பும் கோருதல்." தன் தவறைத் தானே கழித்துக் காட்டிய மனுவை அதிகாரி நம்பிப் படிக்கிறார். கோப்பில் குறிப்பு எழுதவும் அவருக்கு வசதி.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காகிதம் வேண்டும். சுற்று வழி என்பதற்கு, கப்பல் கம்பெனி அந்த நாளில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய அறிவிப்பும் உங்கள் கண்டெய்னர் எண்ணின் பயணப் பதிவும். செய்தித்தாள் நறுக்கு போதாது. போர் நடந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, அது உங்கள் பெட்டியைத் தொட்டது என்பதைத்தான் நிரூபிக்க வேண்டும். பில் ஆஃப் லேடிங் (சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது), பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சுங்க ஆவணம்), மூலப்பொருளுக்கு ஆர்டர் போட்ட தேதி ஆகியவையும் சேரட்டும். உள்நாட்டில் மாற்று ரப்பர் தேடிய விலைப்புள்ளிகள் இருந்தால் வையுங்கள். கூடுதல் விலைக்கு மாற்றுப் பொருள் கிடைத்திருந்தது என்றால் அதையும் மறைக்காமல், வரைபடத்தில் குறித்த தரச்சான்றுக்கு அது பொருந்தாத காரணத்தைச் சொல்லுங்கள். காரணம் வெறும் விலைதான் என்றால், மேலே சொன்ன நெய் வழக்கு உங்களுக்கும் பொருந்தும்.

கணக்கையும் சரிபாருங்கள். அபராதம் பிந்திய சரக்கின் மதிப்பில்தான் வர வேண்டும். பாதி சரக்கு தேதிக்குள் போயிருந்தும் முழு ஆர்டருக்கும் பிடிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. அப்படியானால் 84,000 என்பதே 42,000 ஆகிவிடும். அபராதத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் பிடித்திருந்தால், ஒப்பந்த மீறலுக்கான இத்தகைய பிடித்தம் வரிக்குரிய சேவை அல்ல என்று 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட மத்திய மறைமுக வரி வாரியச் சுற்றறிக்கை 178 விளக்கியிருக்கிறது. அதைப் பார்வையில் குறிப்பிடுங்கள். பிடித்தக் கணக்குத் தாளும் உங்கள் நீட்டிப்பு விண்ணப்பத்தின் மீதான கோப்புக் குறிப்புகளும் கிடைக்கவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பல சமயம் கீழ்நிலை அதிகாரி "காரணம் ஏற்கத்தக்கது" என்று எழுதியிருப்பார், நிதிப் பிரிவில் மாட்டியிருக்கும். மேல்முறையீட்டில் உங்கள் பலமே அந்தக் குறிப்பாகிவிடலாம்.

இரண்டு கையெழுத்துகளில் எச்சரிக்கை. கால நீட்டிப்புக் கடிதத்தில் "அபராத உரிமையோடு, விலை உயர்வு மறுப்போடு" என்ற வாசகம் வரும். அதற்கு வெறுமனே "சரி" என்று ஒப்பம் போட்டால் பிறகு அபராதத்தை எதிர்ப்பது கடினம்; "ஃபோர்ஸ் மெஜர் கோரிக்கையை விட்டுக்கொடுக்காமல் ஏற்கிறேன்" என்று ஒரு வரி சேருங்கள். இன்னொன்று, கடைசிப் பில்லோடு நீட்டும் "இனி உரிமைக் கோரிக்கை ஏதுமில்லை" என்ற சான்று. ஜாமீன் தொகை திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில் போட்டுவிடுகிறார்கள். போட்டால் கதை கிட்டத்தட்ட முடிந்தது.

நிறுவனம் மறுத்தால் அடுத்த படி குறு, சிறு தொழில் வசதியாக்கல் மன்றம். 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டத்தின் கீழ் அமைந்த இந்த மன்றம் மதுரையிலும் இருக்கிறது. இணையவழியே பதிவு செய்யலாம். இது வெறும் மனு நாள் அல்ல: முதலில் சமரசம், அது தோற்றால் நடுவர் தீர்ப்பு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்தால் வட்டி 18. 10 லட்ச நிலுவைக்கு ஓர் ஆண்டில் ஏறத்தாழ 1,95,600 ரூபாய். தீர்ப்பை எதிர்த்துப் போக வாங்கியவர் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு: சரக்கு சேர்ந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபணை தராவிட்டால் சரக்கு ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். தரம் பற்றி ஆறு மாதம் கழித்துக் கிளப்பும் புகாருக்கு அதுவே பதில். உத்யம் பதிவு (சிறு தொழில் என்பதற்கான அரசுப் பதிவு) சப்ளைக்கு முந்தைய தேதியில் இருக்க வேண்டும். பிந்திப் பதிந்தால் அதுவே தனி வழக்காக நீளுகிறது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தத் தாமத நிலுவைப் பாதுகாப்பு இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இப்போது கண்டெய்னர். இதில் உங்கள் நிலை நீங்கள் நினைப்பதைவிட வலுவானது. எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்றால், சரக்கு கப்பலில் ஏறியதோடு உங்கள் டெலிவரி முடிந்தது. அதன்பின் கப்பல் எந்த வழி போனாலும் இடர் பையருடையது. சி.ஐ.எஃப். (கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த விலை) என்றிருந்தாலும் கப்பல் கூலி உங்களுடையதே தவிர இடர் ஏற்றிய இடத்திலேயே மாறிவிடும். ஒப்பந்தத்தில் "இன்ன தேதிக்குள் அங்கே வந்து சேர வேண்டும்" என்று தனியாக எழுதியிருந்தால் மட்டும் கதை வேறு. ஆகவே பில் ஆஃப் லேடிங்கில் ஏற்றிய தேதி கெடுவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் முழு வழக்கும் அந்த முத்திரையில் இருக்கிறது. தூத்துக்குடிச் சரக்கு பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறுவதால், அங்கே கிடந்த நாட்களைப் பையர் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார். அதுவும் ஏற்றியபின் நடந்ததுதான்.

முதலில் வங்கி. ஏற்றுமதிப் பணம் வர வேண்டிய கெடு நெடுநாள் 9 மாதமாக இருந்து 2025 நவம்பரில் 15 மாதமாக நீட்டப்பட்டது. உங்கள் ஷிப்பிங் பில்லுக்கு (ஏற்றுமதிச் சுங்க ஆவணம்) எது பொருந்தும் என்பதைக் கிளையில் எழுத்தில் கேளுங்கள். கெடு முடியுமுன் நீட்டிப்பு விண்ணப்பம் போக வேண்டும்; முடிந்தபின் ஓடினால் ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பு அமைப்பில் உங்கள் பெயரில் நிலுவை தொங்கும், அடுத்த சரக்குக்கே வம்பு. வங்கிக்குச் சொல்லாமல் பையரோடு விலைக் குறைப்பு பேசி முடிக்கவும் கூடாது. வங்கி அளவில் அனுமதிக்கும் குறைப்புக்குப் பொதுவாக இருந்துவந்த வரம்பு 25 சதவீதம். பழைய ஏற்றுமதியாளர்களுக்குச் சில தளர்வுகள் உண்டு என்றாலும், பையர் கேட்கும் 30 அந்த வரம்பைத் தாண்டுகிறது. "எங்கள் விதி அனுமதிக்கவில்லை" என்பது பேரத்தில் உங்களுக்கு நல்ல கேடயம்.

இ.சி.ஜி.சி. (மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம்) பாலிசி இருந்தால், பணம் தவறியதை பாலிசியில் சொன்ன கெடுவுக்குள் அறிவித்தே ஆக வேண்டும். இழப்பீடு மறுக்கப்படுவதற்கு இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: தாமதமாக அறிவித்தது, கேட்காமல் பையருக்குத் தள்ளுபடியோ கூடுதல் தவணையோ கொடுத்தது. சரக்கை அங்கேயே வேறொருவருக்கு விற்க நினைத்தாலும் முதலில் அவர்களுடைய ஒப்புதல், கூடவே வங்கியில் பையர் மாற்றம். துறைமுகத்தில் தேங்கும் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும் என்பதால் இந்த இரண்டு கடிதமும் ஒரே நாளில் போகட்டும். இழப்பீட்டை நியாயமின்றி மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம், இ.சி.ஜி.சி.யும் அரசு அமைப்புதான்: கஜகஸ்தானுக்குத் தேயிலை அனுப்பிப் பணம் வராத ஏ.பி.எல். இன்டர்நேஷனல் வழக்கில், ஒப்பந்த விவகாரமாக இருந்தாலும் ரிட் மனு செல்லும் என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, ஏற்றுமதியாளருக்குச் சாதகமாகத் தீர்த்தது.

பிறகு இரண்டு முறையீடு. ஒன்று, பையர் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் வணிகப் பிரிவுக்கு. பையரின் முழுப் பதிவுப் பெயர், இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங், அவர் குறைப்பு கேட்ட மின்னஞ்சல் ஆகியவற்றோடு, "பையரைத் தொடர்புகொண்டு நிலைப்பாட்டை எழுத்தில் பெற்றுத் தரவும்" என்று மட்டும் கேளுங்கள். வசூலித்துத் தரும்படி கேட்டால் முடியாது என்றே பதில் வரும். பையரின் பதிலை எழுத்தில் வாங்கிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. இரண்டு, வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் மண்டல அலுவலகத்தில் இயங்கும் தரப் புகார் மற்றும் வணிகத் தகராறுக் குழு. வெளிநாட்டு வணிகக் கொள்கை 2023-இன் 8-ஆம் அத்தியாயம் இதற்கானது, இணையவழியே பதியலாம். இந்தக் குழுவும் தீர்ப்புச் சொல்லாது, இணக்கம் பேசும். பையர் உங்கள் மீது எதிர்ப் புகார் கொடுத்தால் அது வருவதும் இதே குழுவுக்குத்தான், அப்போது பதில் அனுப்பாமல் இருந்தால் உங்கள் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டுக்கே ஆபத்து. முந்திக்கொண்டு உங்கள் ஆவணங்களைப் பதிவில் ஏற்றுவது நல்லது.

கலெக்டருக்கு வருவோம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்துச் சீட்டு வாங்கலாம், ஆனால் அது மாவட்டத் தொழில் மையத்துக்குத்தான் அனுப்பப்படும். அதைவிட, கலெக்டர் தலைமையில் இருக்கும் மாவட்ட ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுவின் அடுத்த கூட்டத்தில் பொருளாகச் சேர்க்கும்படி தொழில் மையப் பொது மேலாளருக்கு எழுதுங்கள். மடீட்சியா (மதுரை மாவட்டச் சிறுதொழில் சங்கம்), தமிழ்நாடு வர்த்தக சங்கம் போன்ற அமைப்புகள் வழியாக, இதே பாதிப்புள்ள நான்கைந்து ஆலைகள் சேர்ந்து போனால் தனி ஆள் மனுவைவிட எடை கூடும். டெல்லிக்கு என்றால் சி.பி.கிராம்ஸ் என்ற மத்திய அரசின் இணையப் புகார் தளம். 21 நாளில் தீர்க்க வேண்டும் என்பது அதன் இலக்கு. பதில் சரியில்லை என்றால் மேல்முறையீடும் உண்டு. "அபராதம் தவறு" என்று அதில் எழுதினால் அதே நிறுவனத்துக்கே போய் அதே பதில் வரும். "இன்ன தேதியில் கொடுத்த நீட்டிப்பு மனுவுக்கு இத்தனை நாளாகப் பதில் இல்லை" என்று எழுதினால், பதில் சொல்லியே ஆக வேண்டிய புகாராக அது மாறும். வழக்கு நடக்கும் விஷயத்தை அங்கே எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட இது முக்கியம்: மனுக்கள் காலாவதிக் கெடுவை நிறுத்துவதில்லை. ஒப்பந்த மீறலுக்கும் சரக்கின் விலைக்கும் மூன்று ஆண்டு. நீங்கள் அமைச்சகத்துக்கு எழுதிய 20 கடிதமும் அவர்கள் போட்ட "பரிசீலனையில் உள்ளது" பதில்களும் அந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. பாக்கி உண்டு என்று கடன்பட்டவர் கெடுவுக்குள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதித் தொகை செலுத்தினாலோதான் புதிய மூன்றாண்டு தொடங்கும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் கணக்கு முடிக்கும் நேரத்தில், நிலுவை உறுதிக் கடிதம் அனுப்பிக் கையொப்பம் வாங்குங்கள். ஆடிட்டர் கேட்கிறார் என்று சொன்னால் கணக்குப் பிரிவில் எளிதாகப் போட்டுத் தருவார்கள்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் "என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்" என்று ரிட் போடும் வழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. சீக்கிரம் உத்தரவு கிடைக்கும். அதிகாரியும் பரிசீலித்து நிராகரித்துவிடுவார். அத்தகைய உத்தரவு செத்துப்போன கோரிக்கைக்கு உயிர் கொடுக்காது என்று 2008-இல் சி. ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்திருக்கிறது. அந்தச் செலவை வணிக நீதிமன்ற வழிக்கு வைத்திருங்கள். 3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிக வழக்கு என்றால், அவசர நிவாரணம் கேட்காத வரை, முதலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசத்துக்குப் போவது கட்டாயம். சமரசத்தில் கழியும் காலம் கெடுவில் சேராது. எதிர்த்தரப்பு நேரடியாக அரசுத் துறை என்றால் வழக்குக்கு முன் இரண்டு மாத அறிவிப்பும் வேண்டும். ஆணையில் நடுவர் ஷரத்து இருந்தால் நடுவரைக் கோரும் அறிவிப்பும் அந்த மூன்று ஆண்டுக்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். விரைவுத் தபாலில் பதிவு வசதியோடு அனுப்பி, சேர்ந்ததற்கான ஒப்புகையைக் கொள்முதல் ஆணையோடு சேர்த்துத் தைத்து வையுங்கள்.